தாடை வீக்கம்... ஈரல் கொடுக்கும் கடைசி எச்சரிக்கை!

"எங்கள் எருமைக்கு ஆறு வயது. இரண்டாவது ஈத்து. கன்று போட்ட புதிதில் வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது. இப்போது ஒன்றரை லிட்டர்தான் வருகிறது. தீவனம் எடுக்கிறது, ஆனால், உடம்பு தேறவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பத்து நாளாகத் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது. தொண்டை அடைப்பானாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?"

விருத்தாசலத்தை அடுத்த ஓர் ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. இதே கேள்வியை ஆட்டை வைத்தும், கறவைப் பசுவை வைத்தும் வேறு வாசகர்களும் கேட்கிறார்கள் என்பதால், கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்காமல் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தொண்டை அடைப்பான் பத்து நாள் காத்திருக்காது. கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், தொட்டால் சுடுகிற வலியுள்ள வீக்கம் என்று வந்து, ஓரிரு நாளில் மாட்டையே சாய்த்துவிடும். இந்த எருமைக்கு வந்திருப்பது வேறு. வீக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சூடு இருக்காது, வலி இருக்காது, அழுத்திய இடம் சற்று நேரம் குழியாகவே நிற்கும். தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு வரும் மாலையில் பெரிதாகவும், காலையில் கொஞ்சம் வடிந்தும் தெரியும். இது நீர்க்கோர்வை. இப்படி மெதுவாக வரும் நீர்க்கோர்வைக்கு வயிற்றுப்புழுக்கள், தீவனக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏரி மேய்ச்சல், எருமை, பால் குறைவு, வழக்கமான பூச்சி மருந்துக்கு மசியாமை... இவை எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரலில் குடியிருக்கும் தட்டைப்புழுவைத்தான்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் செராமிக் தொழிற்பேட்டையும்தான் நினைவுக்கு வரும். மேய்ச்சல்காரர்களின் கணக்கில் இங்கே இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று, முந்திரியும் நிலக்கடலையும் விளைகிற செம்மண் மேட்டுக்காடு. மற்றொன்று, மணிமுத்தாற்றங்கரை, ஏரி உள்வாய், நெல் வயல், வாய்க்கால் என்று கிடக்கும் தாழ்வான பகுதி. மேட்டுக்காட்டில் மட்டுமே மேய்கிற ஆட்டுக்கு இந்தப் புழு வருவது அரிது. தாழ்வான பகுதிக்கு இறங்கினால்தான் ஆபத்து. மண் எடுத்த குழிகளில் மாதக்கணக்கில் மழைநீர் நின்று, கரையில் புல்லும் முளைத்துவிட்டால், மேட்டு நிலத்திலும் அந்த இடம் மட்டும் ஒரு குட்டி ஏரிதான். புழுவுக்கு வேண்டியது ஏரி அல்ல. ஏரியில் இருக்கும் நத்தை.

நம் பகுதியில் மாடுகளைத் தாக்குவது 'ஃபேசியோலா ஜைஜான்டிகா' என்ற தட்டைப்புழு. ஒரு வேப்பிலையை எடுத்துப் பாருங்கள். நீளம், தட்டையான வடிவம் எல்லாம் ஏறக்குறைய அதுதான். குளிர் நாடுகளில் இதன் தம்பி 'ஃபேசியோலா ஹெபாட்டிகா' இருக்கிறது, அளவில் சிறியது. 1379-ம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டு ஆட்டிடையர் ஒருவர் ஆட்டின் ஈரல் அழுகலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆனால், அந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் 500 ஆண்டுகள் பிடித்தன. 1880-களின் தொடக்கத்தில்தான் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் குட்டையில் கிடந்த சின்ன நத்தையைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

நடப்பது இதுதான். புழு இருக்கிற மாட்டின் சாணத்தில் முட்டைகள் வருகின்றன. ஒரு புழுவே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாணம் தண்ணீரில் விழுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்தத் தொடங்குகிறது. ஒரு நாளைக்குள் அதற்கேற்ற நத்தை கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்துவிட்டால் நத்தையின் உடம்புக்குள் ஒன்று பல நூறாகப் பெருகி, ஒன்றரை இரண்டு மாதத்தில் வெளியே வந்து, தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் நெல் தாளிலும் கோரையிலும் ஒட்டிக்கொண்டு ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மாடு கடித்தால் வேலை முடிந்தது.

நத்தை என்றதும் வயலில் பொறுக்கி வந்து சமைக்கிற நத்தையை நினைக்க வேண்டாம். அதற்கு வாயை அடைக்கும் மூடி உண்டு. புழுவைச் சுமக்கும் லிம்னியா வகை நத்தைக்கு மூடி கிடையாது. ஓடு மெல்லியது, விரலால் நசுக்கினால் நொறுங்கிவிடும். கூர்மையான முனை மேலேயும் வாய் வலப்பக்கமும் இருக்கும்படி பிடித்துப் பார்த்தால் அடையாளம் தெரியும். பக்கத்திலேயே தட்டையாக, வட்டமாகச் சுருண்ட இன்னொரு நத்தையும் கிடக்கும். அது மாட்டுக்கு மூக்கில் கட்டி வந்து குறட்டை விடுகிற வேறொரு நோயைப் பரப்புவது. அதைப் பற்றி இன்னொரு முறை பேசலாம்.

மாட்டுக்குள் போன புழுவின் பயணம்தான் நம் விஷயம். குடலில் கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் குஞ்சுப்புழு, குடல் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் இறங்கி, ஈரலைத் தேடிப் போகிறது. ஈரலுக்குள் நுழைந்ததும் இரண்டு மாதத்துக்கு மேல் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டுகிறது. ஆடுகள் ஏராளமான கூடுகளை ஒரே நேரத்தில் தின்றுவிட்டால், இந்தக் கட்டத்திலேயே ஈரலுக்குள் ரத்தம் கசிந்து திடீரெனச் செத்துவிடும். அப்போது சாணப் பரிசோதனையில் ஒரு முட்டைகூடத் தெரியாது. ஏனென்றால் புழு இன்னும் பருவத்துக்கே வரவில்லை. முட்டை வெளிவர மூன்று நான்கு மாதம் ஆகும்.

மாடும் எருமையும் அவ்வளவு எளிதில் சாவதில்லை. அதுதான் சிக்கலே. வளர்ந்த புழு பித்தக் குழாய்க்குள் குடியேறி, அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.2 முதல் 0.5 மில்லி வரை ரத்தத்தை இழக்கச் செய்யும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்க அற்பமாகத் தெரியும். 100 புழு இருந்தால் நாளுக்கு 20 முதல் 50 மில்லி. மாதத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், ஒன்றரை லிட்டர் வரை. கொடுக்கிற புண்ணாக்கின் சத்து முதலில் இந்த ஓட்டையை அடைக்கத்தான் போகும், மிச்சம்தான் மடிக்கு. "நன்றாகத்தான் தின்கிறது, தேறவில்லை" என்பதன் பொருள் இதுதான்.

ரத்தத்தோடு அதிலுள்ள புரதமும் போகிறது. தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம். அதைச் செய்து தர வேண்டிய ஈரலும் புண்ணாகிக் கிடப்பதால், தண்ணீர் கசிந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. தாடைக்குக் கீழே தொங்கும் பை அப்படி வந்ததுதான். ஆகவே அது நோயின் தொடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணின் உள் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால், பை தொங்குவதற்குப் பல வாரம் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆட்டுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். செலவே இல்லாத சோதனை. மாதம் ஒருமுறை செய்யலாம்.

பித்தக் குழாயில் நடப்பது இன்னும் நீண்டகாலக் கேடு. புழுவின் உடம்பிலுள்ள முட்கள் உராய உராய, குழாயின் சுவர் தடித்துக்கொண்டே போகும். மாடுகளில் அதில் சுண்ணாம்பு படிந்து களிமண் குழாய்போலக் கெட்டியாகிவிடும். வெட்டினால் கத்தியில் கரகரவென்று ஓசை கேட்கும். உங்கள் ஊர் இறைச்சிக் கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் ஈரலின் எந்தப் பகுதியை வெட்டி எறிகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் ஆட்டில் இது அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்வார். ஆய்வகத்துக்குப் போகுமுன் கிடைக்கிற நல்ல தகவல் அது.

பித்தம் சரியாக இறங்காததால் செரிமானம் கெடுகிறது. மாறி மாறிக் கழிச்சலும் மலச்சிக்கலும் வரும். சினைப்பருவம் தள்ளிப்போகும், ஊசி போட்டும் சினை நிற்காது, நின்றாலும் கன்று எடை குறைந்து பிறக்கும். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக வைத்தியம் பார்த்து அலுத்துப்போனவர்கள் நிறையப் பேர். இன்னொரு ஆபத்தும் உண்டு. புழு தோண்டிய சுரங்கத்தில் செத்துப்போன ஈரல் தசை, காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்களுக்கு நல்ல வீடு. செம்மறி ஆடுகள் முந்தின நாள் நன்றாக மேய்ந்துவிட்டு, மறுநாள் காலையில் பட்டியில் செத்துக்கிடக்கும் சாவுகளில் சில இப்படி வருபவை. மாடுகளில் இதே வழியில் சிறுநீர் சிவந்து போகும் நோயும் உண்டு. சிவந்த சிறுநீர் என்றால் உண்ணிக் காய்ச்சல்தான் என்று நாமே முடிவு செய்யாமல், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

சரி, வாசகர் வருடத்துக்கு இருமுறை மருந்து கொடுத்தும் ஏன் கேட்கவில்லை?

'பூச்சி மருந்து' என்பது ஒரே மருந்து அல்ல. குடலில் உள்ள உருளைப்புழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஃபென்பெண்டசோல், ஐவர்மெக்டின் போன்றவை ஈரலில் உள்ள தட்டைப்புழுவை அசைக்காது. அல்பெண்டசோல் அளவைக் கூட்டிக் கொடுத்தால் வளர்ந்த புழுவில் ஒரு பகுதியைக் கொல்லும்; குஞ்சுப்புழு தப்பிவிடும். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் கொடுப்பதும் கூடாது. ஆக்சிகுளோசனைடு வளர்ந்த புழுவை நன்றாக அகற்றும். ஈரலைத் தோண்டிக்கொண்டிருக்கும் குஞ்சு முதல் வளர்ந்தது வரை எல்லா வயதிலும் வேலை செய்வது ட்ரைகிளாபெண்டசோல். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மாட்டின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். ட்ரைகிளாபெண்டசோலுக்கு மசியாத புழு ஆஸ்திரேலியாவில் 1990-களிலேயே தென்பட்டது. கூட்டிக் கொடுப்பதும் ஆபத்துதான். க்ளோசன்டெல் அளவு மீறினால் ஆடுகளுக்குக் கண் பார்வையே போய்விடும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கறவை வற்றிய காலத்தில் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது, நேரம். மழைக்காலத்தில்தான் புழு வரும் என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாணம் கரைந்து ஏரிக்குப் போகிறது, நத்தையும் பெருகுகிறது. புல்லில் கூடு அதிகமாக ஒட்டுவது மார்கழி, தைக்குப் பிறகு. மாசி, பங்குனியில் ஏரி வற்ற வற்ற மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, தண்ணீர் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சை வளையம் இருக்கும். ஊர் மாடு அத்தனையும் அங்கேதான் இறங்கும். கூடுகள் காத்திருப்பதும் அங்கேதான். அப்போது தின்றது ஆடி, ஆவணியில் முட்டையிடும் புழுவாகி, அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

இந்தக் கணக்குப்படி என் கருத்து: ஏரியில் மேயும் மாடுகளுக்கு தை, மாசியில் ஒருமுறையும், கோடை முடிவில் குஞ்சுப்புழுவையும் கொல்லும் மருந்தை ஒருமுறையும், மழைக்கு முன் புரட்டாசியில் வளர்ந்த புழுவுக்கான மருந்தை ஒருமுறையும் கொடுப்பது நல்லது. புரட்டாசி மருந்தை மட்டுமாவது ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டால், அந்த மழைக்கு ஏரிக்குப் போகும் சாணத்தில் முட்டை வெகுவாகக் குறைந்துவிடும். தனி ஆளாக ஒரு மாட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மறுநாளே அதே பச்சை வளையத்தில் ஓட்டிவிட்டால் காசுக்குக் கேடுதான்.

இந்த எருமைக்கு இனி என்ன செய்வது? சாணப் பரிசோதனை செய்யுங்கள். தரையில் கிடப்பதை அள்ளாமல், ஆசனவாயிலிருந்து புதிதாக எடுத்த சாணத்தைச் சுத்தமான டப்பாவில் போட்டு அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் கரைத்து அடியில் படிய வைத்துப் பார்க்கும் முறையில்தான் இந்த முட்டை தெரியும். 'தட்டைப்புழுவுக்குப் பார்க்க வேண்டும்' என்று சொல்லியே கொடுங்கள். மருந்து கொடுத்தபின் ஒரு மாதமாவது கட்டுத்தறியிலேயே வைத்து நிலக்கடலைப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை, மேட்டு நிலப் பசுந்தீவனம் கொடுங்கள். தாடை வீக்கம் வடியும், கண் இமை சிவக்கும், பாலும் ஓரளவு ஏறும். ஆனால் தடித்துச் சுண்ணாம்பு ஏறிய பித்தக் குழாய் பழையபடி ஆகாது. மூன்று நான்கு ஆண்டு புழுவோடு இருந்த மாடு முழுக் கறவைக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்து மேலும் மேலும் தீவனத்தைக் கொட்ட வேண்டாம். அடுத்த ஈத்தில் பாலைப் பார்த்து வைத்துக்கொள்வதா, கழிப்பதா என்று முடிவெடுக்கலாம். இந்த எருமையின் கிடேரிக் கன்றைத்தான் முதலிலிருந்தே காப்பாற்ற வேண்டும்.

இதே விஷயத்தில் வந்த வேறு சில கேள்விகள்:

"ஏரியில் மயில்துத்தம் போட்டால் நத்தை செத்துவிடும் என்கிறார்களே?" - பெண்ணாடம் பகுதி வாசகர்.

நத்தை சாகும். மீனும் சேர்ந்து சாகும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் செம்மறி ஆட்டுக்குத் தாமிரம் விஷம். பொது ஏரியில் அதைப் போடவே வேண்டாம். குளத்தில் இறங்கிக் குடிக்க விடாமல் தொட்டி கட்டித் தண்ணீர் காட்டுவது, தொட்டியைச் சுற்றிச் சேறு தேங்காமல் பார்த்துக்கொள்வது, சாணத்தை ஏரி ஓரத்தில் குவிக்காமல் எருக்குழியில் மக்கவிடுவது - இவை போதும். எரு நன்றாகச் சூடேறினால் முட்டை செத்துவிடும். அறுவடை முடிந்த வயல்களில் மேய வரும் வாத்துக் கூட்டத்தை விரட்டாதீர்கள். அவை நத்தையைத் தேடித் தின்னும்.

"வைக்கோலிலும் புழு வருமா?" - கருவேப்பிலங்குறிச்சி வாசகர்.

தண்ணீர் நின்ற வயலில் அடியோடு அறுத்த ஈரத் தாளில் வரும். நன்றாக வெயிலில் காய்ந்து, போரில் சில மாதம் இருந்த வைக்கோலில் அந்தக் கவலை குறைவு. இயந்திரம் அறுத்துப்போட்ட ஈர வைக்கோலை அன்றே மாட்டுக்குப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

"புழு இருந்த ஆட்டின் ஈரலைச் சாப்பிட்டால் நமக்கு வருமா? தாய்லாந்தில் இதனால் புற்றுநோய் வருவதாகப் படித்தேன்." - ஸ்ரீமுஷ்ணம் பகுதி வாசகர்.

தாய்லாந்து, லாவோஸ் நாடுகளில் இருப்பது வேறு ஈரல் புழு. ஆற்று மீனைப் பச்சையாகத் தின்பதால் வருவது. அது பல ஆண்டுகள் பித்தக் குழாயில் இருந்து அங்கே புற்றுநோயை உண்டாக்குவதால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடும் நமக்கு அந்த வழி இல்லை. நம் மாட்டுப் புழு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அது மனிதருக்கே வராது என்றும் சொல்ல முடியாது. உலக அளவில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு ஃபேசியோலா தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பொலிவியா, பெரு, எகிப்து போன்ற நாடுகளில் அதிகம். இந்தியாவில் அரிதாகத்தான் பதிவாகிறது. வலது விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி, காரணம் தெரியாத ரத்தசோகை, மஞ்சள் காமாலை, பித்தக் குழாய் அடைப்பு என்று நீண்டகாலம் துன்பம் தரும். சரியாகக் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

வேகவைத்த ஈரலால் நமக்கு இந்தத் தொற்று வருவதில்லை. வழி வேறு. மாடு இறங்கும் வாய்க்கால் ஓரத்தில் முளைத்த வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் பறித்துப் பச்சையாக மென்று தின்பவர்கள் நம் ஊரில் உண்டு. குழந்தைகளுக்கு ஞாபகசக்தி வரும் என்று வல்லாரையைக் கொடுப்பவர்களும் உண்டு. புல்லில் ஒட்டுகிற அதே கூடு கீரையிலும் ஒட்டும். தண்ணீரில் அலசினால் மட்டும் போய்விடாது. வாய்க்கால் கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சையாக வேண்டுமென்றால் வீட்டுத் தொட்டியில் நாலு கொடி வல்லாரையை நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொள்ளலாம்.